இடது கார்னரின் கை

ஆகஸ்ட் 4

ஞானதிரவியம் மாஸ்டர் சென்னையில் பயிற்சியாளர் முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு தினுசாகத்தான் இருக்கிறார். இன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் எங்களை வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு டைரி கொடுத்தார். உரக்கடைக்காரர் மிச்சமாகிப்போனதை அவர் தலையில் கட்டியிருக்கிறார். போன வருடத்து டைரி, கிழமை எதுவும் ஒத்துவராது.

“ஆடுறதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுதுன்னு எழுதுங்க. பயமோ பதற்றமோ, எதுவா இருந்தாலும் சரி. நான் வாங்கிப் படிக்க மாட்டேன். பதற்றம் கொஞ்சம் இருந்தா ஆட்டத்துக்கு நல்லதாம், கூடிப்போனாத்தான் கெடுதலாம். அவங்கவங்க அளவு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க.”

“பயமே இல்லாதவ என்ன மாஸ்டர் எழுதணும்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“நீ மில்லுல என்ன அரைச்சேன்னு எழுது” என்றார்.

அப்படியே ஆகட்டும். நான் உச்சிமாகாளி. களக்காட்டில் மாவு மில் வைத்திருக்கிறேன். பச்சையாறு மகளிர் கபடிக் குழுவின் கேப்டன், ஆடுவது இடது கார்னர். இன்று அரைத்தது பச்சரிசி, மல்லி, கேழ்வரகு. மனதில் ஓடியது: மில் பெல்ட்டை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 6

சீயக்காய் அரைத்தேன். பயிற்சியில் தும்மல்தான். பயம், பதற்றம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 9

கபடி தெரியாத யாராவது இதைப் படித்தால் என்ன புரியும் என்று தோன்றியது. மாஸ்டரோ படிக்க மாட்டேன் என்கிறார், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எதிரணியிலிருந்து ஒருத்தி ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வருவாள். அவள் ரெய்டர். யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் அவளுக்குப் புள்ளி. போகவிடாமல் பிடித்தால் எங்களுக்கு. இடது ஓரத்தில் நிற்கிற நானும் எனக்கு அடுத்து நிற்பவளும் கை கோர்த்துக்கொண்டுதான் நகர்வோம். ரெய்டரின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. நான் விழுகிற அதே நொடியில் பக்கத்தில் இருப்பவள் அவள் இடுப்பைக் கட்ட வேண்டும். ஒருத்தி மட்டும் பாய்ந்தால் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். வாய்விட்டுச் சொன்னால் ரெய்டருக்கும் கேட்கும் என்பதால் எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. கார்னர்காரி கையை ஒரு அமுக்கு அமுக்குவாள், உடனே பாய வேண்டும்.

ஒன்பது வருடமாக என் கையைப் பிடித்து நின்றவள் செல்லக்கனி. அவள் இப்போது மசக்கையில் இருக்கிறாள். தூத்துக்குடியில் அம்மா வீட்டில் மாங்காய் தின்றுகொண்டு, நாள் முழுக்கத் தூங்குகிறாளாம். அவள் இடத்துக்கு மாஸ்டர் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்திருக்கிறார். பெயர் பிரம்மசக்தி, கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பா வாழைத்தார் ஏற்றும் லாரியில் சுமை தூக்குகிறார். பிள்ளைக்கு உடம்பு முழுக்க வேகம். ஆனால் முகத்தைப் பார்த்தால் யாரோ திட்டப்போகிறார்கள் என்று காத்திருப்பவளைப் போல இருக்கிறாள். திட்டாமல் இருக்க நம்மால் முடியவில்லை.

ஆகஸ்ட் 13

இத்தனை நாளும் மண் களத்தில் ஆடினோம். அடுத்த மாதம் வரும் மாநிலப் போட்டி ரப்பர் விரிப்பில், அதாவது மேட்டில்தான் நடக்கும் என்பதால் பள்ளிக்கூட ஹாலில் பழைய மேட் வாங்கி விரித்திருக்கிறார் மாஸ்டர். மண்ணில் என்றால் குனிந்து ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டு நிற்போம். மேட்டில் எதைத் தேய்ப்பது?

பிரம்மசக்தியின் கையைப் பிடித்தால் ஈரத் துணியைப் பிடித்த மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் கைக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவு பயம் அவளுக்கு. “கையத் தொடைச்சிட்டு வா” என்று மூன்று தடவை அனுப்பிவிட்டேன். அவளும் பேசாமல் போய்த் துடைத்துவிட்டு வந்தாள். பிடித்தால் மறுபடி ஈரம். என் கை மில்காரி கை, மாவு ஏறி ஏறி எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.

ஆகஸ்ட் 17

காலையில் என் வீட்டுக்காரர் நம்பிராஜன் முழங்கையைத் தூக்கிக் காட்டினார். நாலு நகம் பதிந்திருந்தது.

“ஏளா, தூக்கத்துல இந்தப் பிடி பிடிக்கியே. என்னைய யாருன்னு நெனச்ச?”

“ரெய்டருன்னு நெனச்சேன்.”

“தினமும் ரெய்டு வாராளாக்கும்.”

அவருக்கு எப்போதும் கேலிதான். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். எப்படியும் வெட்ட வேண்டியதுதான், கபடியில் நகம் இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 20

கீழத்தெரு டீச்சரின் கோதுமையை மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிட்டேன். சப்பாத்தி தின்ற பிள்ளைகளெல்லாம் கண்ணீர் விட்டார்களாம். கரண்ட் போய்ப் போய் வந்தால் யாருக்குத்தான் கவனம் இருக்கும்? வேறு கோதுமை வாங்கிச் சுத்தமாக அரைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். “உனக்கு என்னம்மா ஆச்சு, இப்படிச் செய்யிற ஆளே இல்லையே” என்றார் டீச்சர். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 24

வள்ளியூர் அணியுடன் பயிற்சி ஆட்டம். தோற்றோம்.

காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். பிரம்மசக்தி முந்திப் பாய்கிறாள். ரெய்டர் இன்னும் நம் பக்கமே திரும்பவில்லை, அதற்குள் என் கையை உதறிவிட்டுப் பாய்ந்து விழுகிறாள். அவள் முதுகைத் தொட்டுவிட்டு ரெய்டர் சாவகாசமாகத் திரும்பிப் போகிறாள். ஒரு தடவை என்றால் போகட்டும், இன்றைக்கு நாலு தடவை. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது எனக்கு.

ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டேன். “எதுக்குளா பாஞ்ச? உன்னைய யாரு கூப்பிட்டா?”

“கூப்பிட்டாப்ல இருந்துச்சுக்கா.”

“யாரு கூப்பிட்டா? சாமி வந்து கூப்பிட்டுச்சா?”

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “எக்கா, நீங்க…” என்று இழுத்தாள். நான் என்ன என்று அதட்டினேன். ஒன்றும் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். தொடைநடுங்கிகளை வைத்துக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போய் என்ன செய்வது?

ஆட்டத்துக்கு முன்னால் நான் மூன்று முறை பாத்ரூம் போனது வள்ளியூரில் கொடுத்த மோரால்.

ஆகஸ்ட் 25

மோர் சரியில்லை என்று எங்கள் அணி லீமாவிடம் சொன்னேன். அவள் இரண்டு டம்ளர் குடித்தாளாம், ஒன்றும் செய்யவில்லையாம். அவள் வயிறு அப்படி.

ஆகஸ்ட் 31

மாஸ்டர் மில்லுக்கே வந்துவிட்டார். கடலை மாவு ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“செப்டம்பர் அஞ்சாந்தேதி பன்னெண்டு பேரு பேர அனுப்பணும். பிரம்மசக்தி விஷயத்துல உன் வார்த்தைதான் எனக்கு வேணும். அவ கையப் பிடிச்சு நிக்கிறவ நீ.”

அவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரே சொன்னார். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போட்டிருக்கிறாளாம். இந்த மாநிலப் போட்டியில் முதல் நாலு இடத்துக்குள் வந்த அணியில் ஆடியதாகச் சான்றிதழ் இருந்தால்தான் அந்த மனு நிற்குமாம். அடுத்த வருடம் வயது வரம்போ, ஆள் எடுப்போ எப்படி இருக்குமோ தெரியாது. அவள் அப்பாவே வந்து மாஸ்டரைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். “நல்ல பிள்ள மாஸ்டர். ஆனா பயம் ஆட்டத்தக் கெடுக்குது. அவளுக்காக மத்த பதினொரு பேரும் தோக்கணுமா? லீமாவப் போடுங்க.”

“யோசிச்சுச் சொல்லுதியா?”

“ஆமா.”

கடலை மாவு கொஞ்சம் கருகிவிட்டது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5

மாஸ்டர் பெயர்களை வாசித்தார். பிரம்மசக்தி பெயர் வரவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முழங்கால் உறையைக் கழற்றி மடித்து, அணியுடையது என்பதால் என்னிடம் வந்து கொடுத்தாள். “வாரேன்க்கா” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். கேப்டன் என்றால் இதெல்லாம் செய்யத்தான் வேண்டும்.

செப்டம்பர் 6

இன்று லீமா என் பக்கத்தில். லீமா ஆறு வருடமாக ஆடுகிறவள். பாம்பு வந்தாலும் மெதுவாக எழுந்து வழிவிடுகிற ஆள். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பாள்.

முந்திப் பாய்ந்தாள். மூன்று முறை.

“என்ன லீமா, உனக்குமா?”

“என்ன உனக்குமா? நீதான அமுக்குன?”

“நான் எங்க அமுக்குனேன்?”

லீமா தன் கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, நடுவில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. உள்ளங்கை சொதசொதவென்று இருந்தது. “நீ பிடிக்கிற பிடியில என் மோதிர விரலு வீங்கிருச்சு. இந்தா பாரு தண்ணிய.”

அது அவள் கை வேர்வைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, குழாயடியில் நின்று என் வலது கையைப் பார்த்தேன். துடைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பவும் ஊறியது.

செப்டம்பர் 7

செல்லக்கனிக்குப் போன் செய்தேன். உடம்பு எப்படி, என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, “நான் கைய அமுக்கிக்கிட்டே இருப்பேனாளா?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. வயிற்றுப் பிள்ளைக்கே கேட்டிருக்கும்.

“இப்பத்தான் உனக்குத் தெரியுதா? ஒம்பது வருஷமா என் விரல ஒடிக்கப் பாத்தியே. ரெய்டர் கோட்டைத் தாண்டி வந்தவுடனே அமுக்க ஆரம்பிப்ப. அவ போற வரைக்கும் விடமாட்ட. கையெல்லாம் குளத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கும்.”

“அப்ப நீ எப்படிச் சரியாப் பாய்வ?”

“அமுக்குறது பூரா உன் பயம். அத நான் கணக்குலயே எடுக்க மாட்டேன். நீ நெசமாவே பாயப் போறப்ப உன் கை ஒரு நொடி லேசாயிரும். பஞ்சு மாதிரி. அதப் பாத்துத்தான் நான் பாய்வேன்.”

“ஏன்ளா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி? நீ நல்லாத்தான ஆடுன. நீ பயப்படாதவளா இருந்தா ரெய்டர் காலையே அப்படிக் கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு நிப்பியா? பயந்துதான் நீ பிடிக்கிற. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் மில்லைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தூங்குகிற புருஷன் முழங்கைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் நான் வாய் கிழியப் பேசியதெல்லாம் ஒருத்தி வலியைப் பொறுத்துக்கொண்டதால் நின்றிருக்கிறது. அமுக்கினால் பாய வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அந்தப் பிள்ளை செய்திருக்கிறாள். அதற்காக அவளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8, காலை

மாஸ்டரிடம் பேசினேன். “பிரம்மசக்தியவே சேத்துக்கலாம் மாஸ்டர். கொஞ்சம் பயிற்சி குடுத்தா சரியாயிருவா” என்றேன்.

“ஒரு வாரத்துக்கு முன்னால வேண்டாம்னே, இப்ப வேணும்ங்கிற. பேர அனுப்பியாச்சு. மாத்தணும்னா நாளைக்குள்ள காரணம் சொல்லிக் கடிதம் குடுக்கணும். என்ன காரணம் சொல்ல?”

“அவ நல்ல பிள்ள மாஸ்டர்” என்று மட்டும் சொன்னேன். அவர் பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

செப்டம்பர் 8, மாலை

மாலையில் பிரம்மசக்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் அதே, யாரோ திட்டப்போகிற பாவனை.

“உள்ள வாங்கக்கா.”

“உள்ளயெல்லாம் வேண்டாம். கையக் குடு.”

குடத்தை இறக்கிவிட்டுக் கொடுத்தாள். காய்ந்த கை. சொரசொரப்பாக, சூடாக இருந்தது. நான் பிடித்த பிறகுதான் ஈரமானது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“எப்பருந்து?”

“மேட்டுல ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே. கையத் தொடைச்சிட்டு வா, தொடைச்சிட்டு வான்னு அனுப்புனீங்கள்ல. எங்கையில ஒண்ணுமே இல்லக்கா தொடைக்க. சும்மா போய் நின்னுட்டு வருவேன்.”

“அப்புறம் ஏன்ளா பாஞ்ச?”

“எது பயத்துக்கு அமுக்குறீங்க, எது பாயச் சொல்லி அமுக்குறீங்கன்னு தெரியலக்கா. அமுக்குனா பாயணும்னு சொன்னீங்க. பாயாம இருந்து நீங்க தனியா விழுந்துட்டா உங்களுக்குல்ல அடிபடும்.”

எனக்கு அடிபடக் கூடாது என்று பாய்ந்திருக்கிறாள். தெருவில் நின்று கண்ணைக் கசக்கினால் நன்றாகவா இருக்கும். சைக்கிளின் பின்னால் உட்காரச் சொல்லி நேராக ஹாலுக்கு மிதித்தேன்.

எல்லோரும் உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் நின்று கத்தினேன். எனக்குப் பேச்சு மெதுவாக வராது.

“எல்லாரும் இங்க வாங்க. மாஸ்டர், நீங்களும் கேளுங்க. முந்திப் பாஞ்சது பிரம்மசக்தி தப்பு இல்ல. எனக்கு ஆட்டத்துல பயம் வரும். கை நடுங்கும், வேர்க்கும், பக்கத்துல இருக்கவ கைய அமுக்கும். பாயச் சொல்லுதேன்னு நெனச்சு அந்தப் பிள்ள பாஞ்சிருக்கு. முந்தாநேத்து லீமாவும் அப்படித்தான் பாஞ்சா. பயந்தவ நான். வெளிய போனவ அவ. இதக் கடிதத்துல எழுதுங்க. கேப்டனுக்குப் பயம்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்.”

யாரும் சிரிக்கவில்லை. லீமா மட்டும், “பயம்னு எழுதுனா அங்க போய் நம்மள ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க மாஸ்டர், தவறுதலா விட்டுப்போச்சுன்னு எழுதுங்க” என்றாள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லீமாவுக்கும் இடம் இருக்கு. இன்னொருத்தி மூட்டு சரியில்லன்னு நேத்துதான் சொன்னா, அவ பேர எடுத்துட்டு எழுதுதேன். ஆனா மாகாளி, ரெய்டர் வந்தா பாயணுமா நிக்கணுமான்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியணும். அதுக்கு வழி பண்ணு. முதல் ஆட்டத்துல ரெண்டு தடவ முந்திப் பாஞ்சா உக்கார வச்சிருவேன்.”

செப்டம்பர் 9

செல்லக்கனி சொன்னதைப் பிரம்மசக்தியிடம் சொன்னேன். இனி அமுக்கினால் நிற்க வேண்டும், கை லேசானால் பாய வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்துபோன பிறகு என் கை லேசாகவே மாட்டேன் என்கிறது! ரெய்டர் காலைப் பார்க்க வேண்டிய நான் என் கையையே நினைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்பது வருடமாகத் தானாக நடந்த காரியம், நான் கவனிக்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. இன்று ஒரு பிடிகூட இல்லை. பயந்துவிட்டேன். இதை எழுத இரண்டு தடவை யோசித்தேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 10

ஐந்தில் ஒரு தடவை லேசாகிறது. பிரம்மசக்தி அந்த ஒரு தடவையைத் தவறவிடுவதே இல்லை.

“எக்கா, நீங்க கையப் பத்தி நினைக்காதீங்க. உங்க கை என் வேல. நீங்க காலப் பாருங்க” என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை எனக்கு உத்தரவு போடுகிறது. சரி என்றேன்.

செப்டம்பர் 12

போட்டி நடக்கும் கரூருக்குப் போகிற பஸ்ஸில் எழுதுகிறேன். முறுக்கு, எலுமிச்சைச் சோறு, லீமாவின் குறட்டை. மில்லை நம்பிராஜனிடம் விட்டிருக்கிறேன். மிளகாய்க்குப் பிறகு கோதுமை போடாதீர்கள் என்று சொன்னதற்கு, அது உனக்குத்தான் வரும் என்கிறார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

செப்டம்பர் 13

இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் வென்றோம். முதல் ஆட்டத்தில் பிரம்மசக்தி ஒரு தடவை முந்தினாள். பெஞ்சிலிருந்து மாஸ்டர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் கல்லைப் போல நின்றாள், நான் என்ன அமுக்கினாலும். நாளைக்குக் கால் இறுதி. அதில் ஜெயித்தால் முதல் நாலில் வந்துவிடுவோம், தோற்றால் அவள் மனுவுக்கு இந்தச் சான்றிதழ் உதவாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அவளுக்கு இரண்டு இட்லி கூடுதலாக வைத்தோம்.

செப்டம்பர் 14

எதிரணியில் ஒரு நெட்டை ரெய்டர். பெயர் தமயந்தி. நேற்று ஒரே ஆட்டத்தில் பதினாறு புள்ளி எடுத்தவள். அவள் காலை நீட்டினால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. நாங்கள் வரிசையாக நின்றபோது எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். பார்த்ததும் எனக்கு இரண்டு கையும் ஊறிவிட்டது.

ஆட்டத்தை முழுக்க எழுத முடியாது, கை வலிக்கிறது. முதல் பாதியில் பின்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் லீமா ஒரே ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டு வந்தாள். கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம். கடைசி ரெய்டு தமயந்தியுடையது. ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் போனால் அவர்கள் அரை இறுதியில், பிடித்துவிட்டால் நாங்கள்.

பாடிக்கொண்டு வந்தாள். வலது பக்கம் போவது போலப் பாசாங்கு செய்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். என் கை பிரம்மசக்தியின் கையைப் போட்டு நெரித்தது. அவள் விரல் சொடக்கு விழுந்தது எனக்கே கேட்டது. அவள் அசையவில்லை. இரண்டு பேரும் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டோம். குதிகால் கோட்டை மிதித்தால் அவுட். இனி ஒதுங்க இடம் இல்லை.

தமயந்தி காலை நீட்டினாள். பாய வேண்டிய நேரம் அதுதான். எனக்கு நன்றாகத் தெரிந்தது. கணுக்கால் என் கண் முன்னால் இருந்தது. கை மட்டும் கேட்கவில்லை. இறுகிப்போய்க் கிடந்தது. நான் லேசாக்கு, லேசாக்கு என்று மனதுக்குள் கத்த, அது இன்னும் இறுகியது. நான் தனியாக விழுந்தால் அவள் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். விழாமல் நின்றால் இரண்டாவது எட்டில் என்னைத் தொட்டுவிடுவாள். அந்தப் பிள்ளையின் வேலை, அவள் அப்பா, எல்லாம் என் அஞ்சு விரலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

“பயமா இருக்குளா” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. ரெய்டருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். சொன்னதும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. கை லேசாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது, நான் அதைப் பார்க்கவில்லை. தமயந்தி அடுத்த எட்டு எடுத்து வைத்தாள், நான் கணுக்காலில் விழுந்தேன். விழும்போதே என் தலைக்கு மேலே பிரம்மசக்தி பறந்து போய் அவள் இடுப்பைக் கட்டியது தெரிந்தது. மூன்று பேரும் மேட்டில் உருண்டோம். தமயந்தி கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். நடுக்கோடு எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் பாட்டு நின்றது. விசில் ஊதினார்கள்.

அப்புறம் யார் யார் மேல் விழுந்தார்கள், யார் அழுதார்கள் என்றெல்லாம் சரியாக நினைவில்லை. நான் அழுதேன். மாஸ்டர் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டுக்கொண்டே, யாரைத் தூக்கினோம் என்று தெரியாமல் லீமாவை இரண்டு தடவை தூக்கினார். பிரம்மசக்தி அப்பாவுக்குப் போன் செய்ய லீமாவின் போனை வாங்கிக்கொண்டு மூலைக்கு ஓடினாள். “எப்பா, நாலுக்குள்ள வந்துட்டோம்ப்பா” என்று கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது.

இரண்டு அணியும் வரிசையாகக் கை குலுக்கினோம். தமயந்தி என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. “நீங்க ஏதோ சொன்னீங்களேக்கா, அப்ப. எனக்குச் சரியாக் கேக்கல. என்ன சொன்னீங்க?” என்றாள்.

“பயமா இருக்குன்னு சொன்னேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். பிடித்துப் பார் என்று கையை நீட்டினேன். அவள் தன் கையை ஜெர்சியில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

துடைத்த பிறகும் அவள் கை என்னுடையதைவிட ஈரமாக இருந்தது.